தலையணை மேல் வைத்த மைக்

பொதுமக்களிடமிருந்து வரும் மனுவுக்கு மூன்று நாளில் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். பதில் தர இயலாவிட்டால், ஏன் இயலவில்லை என்பதையாவது அதே ஒரு மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். விதி இதுதான். இதைச் சைக்ளோஸ்டைல் மெஷினில் சுற்றறிக்கையாக உருட்டி எல்லாப் பிரிவுகளுக்கும் அனுப்பியவர்களில் நானும் ஒருவன். ‘கண்டிப்பாக’ என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டதும் நான்தான். நான் அரசுப் பணியில் இருந்த காலம் முழுக்க, அடிக்கோடு போட்ட சொல்லை யாரும் படித்து நான் பார்த்ததில்லை.

கடலில் வேறொரு விதி இருந்ததாம். ஒரு மணி நேரத்தில் இரண்டு முறை, கால் மணிக்கும் முக்கால் மணிக்கும், மூன்று மூன்று நிமிடம், எல்லாக் கப்பல்களும் அபாய அலைவரிசையில் வாயை மூடிக்கொள்ள வேண்டும். யாரும் எதையும் அனுப்பக் கூடாது, கேட்க மட்டும்தான் வேண்டும். எங்கோ மூழ்கிக்கொண்டிருப்பவனின் மெலிந்த குரல் அந்த மூன்று நிமிடத்திலாவது யார் காதிலாவது விழட்டும் என்பதற்காக. இதை எனக்குச் சொன்னவர் ராயபுரத்தில் எங்கள் எதிர்வீட்டு மாடியில் இருந்தவர். கப்பலில் ரேடியோ ஆபீசராக வேலை பார்த்தவர். தொண்ணூறுகளின் முடிவில் செயற்கைக்கோள் வந்து அவர் வேலையை வாங்கிக்கொண்டது. பதவி ஒழிந்தது, விதியும் ஒழிந்தது. அதற்குப் பிறகும் அந்த விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரே மனிதரை நான் அறிவேன்.

அவர் கூடத்தில் கப்பல் கடிகாரம் ஒன்று மாட்டியிருந்தது. அதன் முகத்தில் இரண்டு இடங்களில் சிவப்பாகப் பட்டை தீட்டியிருக்கும். பெரிய முள் சிவப்பைத் தொட்டால் மின்விசிறியை நிறுத்திவிடுவார். பேச்சு பாதி வாக்கியத்தில் நிற்கும். காபி டம்ளரை உதடு வரை கொண்டுபோனவர்கள் அப்படியே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். முதல் தடவை எனக்கு இது தெரியாது. பென்ஷன் படிவத்தில் அவருக்கு ஏதோ சந்தேகம், விளக்கிக்கொண்டிருந்தேன். கையை உயர்த்தினார்.

“பொறுங்க சூப்ரெண்டு சார். சைலன்ஸ்.”

மூன்று நிமிடம் கழித்து, எதுவும் நடக்காததுபோல, “ம், சொல்லுங்க” என்றார்.

தெருவில் அவருக்கு ‘சைலன்ஸ் சார்’ என்றே பெயர். பெயரைச் சூட்டியவள் அவர்கள் வீட்டுக் கீழ்ப்பகுதியில் இட்லிக் கடை வைத்திருந்த கன்னியம்மா. அவளுக்குப் பயம் என்பது கிடையாது, வாய் உண்டு.

அவர் எதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கூடத்தின் மேற்குச் சுவருக்குப் பின்னால் ஐஸ் கம்பெனி. காசிமேட்டுப் படகுகளுக்கு இரவும் பகலும் ஐஸ் அடிக்கும் ஆலை. அதன் கம்ப்ரஸர் உறுமல் சுவர் வழியாக வந்து தரையில் இறங்கும். வெறுங்காலில் நின்றால் பாதத்தில் தெரியும். உள்ளே குழாய்களில் ஓடுவது அம்மோனியா. ஒரு மூட்டு விட்டால் மாடியில் இருப்பவர்கள் மூச்சு வாங்கும் முன்பே இறங்கிவிட வேண்டும். அவருடைய மனைவியால் இறங்க முடியாது. பக்கவாதம். வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்திருந்தது. கூடத்தில்தான் கட்டில். படிக்கட்டோ கப்பல் ஏணியைவிடக் குறுகல்.

வீட்டை மாற்றிக்கொண்டு போகலாமே என்று நானும் ஒருமுறை சொன்னேன். அவர் வாயைத் திறக்கும் முன் கட்டிலிலிருந்து பதில் வந்தது.

“இது எங்கப்பா வூடு சார். பொறந்ததுலேர்ந்து இந்தச் சத்தத்துலதான் தூங்கறேன். இவருக்குத்தான் பயம். அந்தக் காலத்துல பயப்படறதுக்குச் சம்பளம் குடுத்தாங்கோ. இப்ப சம்பளம் நின்னுபோச்சு, பயம் மட்டும் ஓடிக்கினு கீது.”

அவர் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆழிப்பேரலை வந்துபோன அடுத்த வருடம் அவர் அந்த ஸ்டீரியோவை அமைத்தார். கடைசிப் பயணத்தில் வாங்கி வந்த இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள் அவரிடம் இருந்தன. ரிச்சி தெருவில் உதிரியாக வாங்கிப் பொருத்திய கணினி ஒன்று. அதற்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே, எண்களாக இருக்கும் பாட்டை ஒலியாக மாற்றும் கன்வர்ட்டர் என்று ஒரு கறுப்பு டப்பா. எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். மனைவிக்குத் தவில் பிடிக்கும் என்றார். திருவொற்றியூர்க் கோயில் திருவிழாவில் தவில்காரருக்கு நேர் எதிரில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவளாம். இனி அவளால் அங்கே போக முடியாது. அதனால் அந்த இடத்தை இங்கே கொண்டுவரப் போகிறார்.

எந்த அறையும் பாட்டைக் கெடுக்கும் என்பது அவர் தந்த விளக்கம். சில ஒலிகளைச் சுவரும் மூலையும் ஊதிப் பெருக்கும், சிலவற்றை விழுங்கும். மைக் வைத்து அறையை அளந்தால், அறை செய்யப்போகும் குற்றத்தைக் கணினி முன்கூட்டியே தெரிந்துகொண்டு, கூடுவதைக் குறைத்தும் குறைவதைக் கூட்டியும் அனுப்பும். ஆனால் இந்தத் திருத்தம் ஒரே ஒரு இடத்துக்குத்தான் சரியாக இருக்கும். மைக் எங்கே இருந்ததோ அங்கே.

மைக்கைத் தலையணை மேல் வைத்தார். மனைவியைச் சற்று நேரம் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அவள் தலை பதிந்த பள்ளத்திலேயே வைத்தார். அந்த அறையில் நாங்கள் எங்கே உட்கார்ந்து கேட்டாலும் பாட்டு கோணலாகத்தான் கேட்கும். அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

அளப்பதற்கு ஒரு ஒலி வேண்டும். அடித்தொண்டை உறுமலில் தொடங்கி, இடைவிடாமல் ஏறி, காதைக் கிழிக்கும் கீச்சில் முடியும் ஊளை அது. அதை அவர் முழுச் சத்தத்தில் விட்ட காலையில் நான் என் வீட்டு வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். தெருவே வெளியே வந்துவிட்டது. கதவோரம் எப்போதும் தயாராக வைத்திருந்த ரேஷன் கார்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பாதிப் பேர் தெருமுனைவரை போய்விட்டார்கள். எல்லாரும் ஒரே திசையில், மேற்கே. கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எங்கள் தெருவுக்கு ஓடுவது என்றால் மேற்குதான்.

கன்னியம்மா கையில் கரண்டியோடு மாடியைப் பார்த்துக் கத்தினாள். “இன்னா சார் அது, ஐஸ் கம்பெனி சங்கா?”

அவர் பால்கனிக்கு வந்தார். “ஒன்னியும் இல்லம்மா. ரூமை அளக்கறேன்.”

“ரூமை அளக்க டேப்பு இல்லியா சார்? இந்த ஊளை எதுக்கு? மாவெல்லாம் கொட்டிக்கினேன்.”

தெரு சிரித்தது. அவர் மட்டும் தெருமுனையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று மாலை என்னிடம் கேட்டார்: “எல்லாரும் மேற்கால போனாங்களே, கவனிச்சீங்களா? ஐஸ் கம்பெனி கேட் அந்தப் பக்கம்தானே?”

திருத்தம் முடிந்து என்னைப் பாட்டுக் கேட்க அழைத்தபோது, திரையில் மேடுபள்ளம் இல்லாத கோடு ஒன்றைப் பெருமையோடு காட்டினார். கோடு தேர் ஓடும் வீதிபோல நேராக இருந்தது. பாட்டு நன்றாக இல்லை. நாதஸ்வரம் துல்லியம்தான். தவிலின் இடப்பக்கத்து ‘தொம்’ மட்டும் வாயில்லாமல் விழுந்தது. நான் இருந்த நாற்காலியின் கோளாறோ என்று சும்மா இருந்தேன். கட்டிலில் சரியான இடத்தில் படுத்திருந்தவள்தான் சொன்னாள். “இன்னாயா, தவிலுக்கு ஒரு பல்லு இல்லியே?”

காரணம் புரிய அவருக்கு ஒரு வாரம் ஆனது. அளந்த நேரத்தில் பின்சுவரில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து கேட்டவளுக்கும் அது சத்தமில்லை. கூடவே வாழ்ந்து பழகிய அவருக்கும் அந்த நேரத்தில் சத்தமில்லை. மைக்குக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆலையின் உறுமலையும் அறையின் குற்றமாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, பாட்டிலிருந்து அந்த ஒலியைக் கணினி வெட்டி எறிந்திருந்தது. குற்றம் செய்தவனை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றவனைத் தண்டிக்கும் கோப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் எனக்கு வியப்பில்லை. அவருக்குத்தான் தாங்கவில்லை.

“கம்பெனிக்காரன் என் பாட்டுக்குள்ள பூந்து வூடு கட்டிக்கினு குந்திகீறான் சார்.”

மறுபடி அளக்க வேண்டுமானால் ஆலை நிற்க வேண்டும். அரை மணி நேரம் மெஷினை நிறுத்த முடியுமா என்று கேட்க என்னையும் அழைத்துக்கொண்டு போனார். ஆப்பரேட்டர் நல்ல மனிதன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகப் பதில் சொன்னான்.

“பாட்டுக் கேக்கறதுக்கா சார்? நிறுத்தினா ஐஸு உருகிடும், போட்டுக்காரன் என்னை உருக்கிடுவான். மெஷின்னா சத்தம் போடும் சார். சத்தம் போடலேன்னாதான் நீங்க பயப்படணும்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அதிலிருந்து ஸ்டீரியோ பாட்டுக்குப் பயன்பட்டதைவிடப் பயத்துக்குப் பயன்பட்டதுதான் அதிகம். முள் சிவப்பைத் தொட்டதும் பாட்டை நிறுத்திவிட்டு, மைக்கைச் சுவரோரம் வைத்துத் திரையைப் பார்ப்பார். ஆலையின் ஒலி திரையில் ஒரே இடத்தில் கம்பம்போல நிற்கும். ஆடி மாதத்தில் அந்தக் கம்பத்தின் பக்கத்தில் சின்னதாக இன்னொன்று முளைத்தது. எனக்குக் காட்டினார். தூசு என்றேன். அடுத்த வாரம் அது வளர்ந்திருந்தது.

“மெஷினுக்குள்ள இன்னாவோ தேஞ்சுக்கினு கீது சார். ரெண்டும் சேந்து குழாயை ஆட்டும். எங்கியாவது ஒரு மூட்டு விட்டுக்கும்.” அவர் கட்டிலைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவர் எவ்வளவு முயன்றார் என்பது தெரிந்தது.

அன்றுதான் அந்தக் கப்பல் கதையையும் சொன்னார். எந்தக் கடல் என்றுகூடச் சொல்லவில்லை. மௌன நேரத்தில் ஒரு அபாயக் குறி வந்ததாம், ஒரே ஒரு தடவை. இடம் சொல்லும் முன்பே நின்றுவிட்டது. கேப்டன் வந்து, “எங்கே?” என்றார். இவருக்குத் தெரியவில்லை. கப்பல் தன் வழியே போனது. “எங்கன்னு சொல்லிட்டுச் செத்திருக்கலாம்” என்றார். அதைக் கோபமாகச் சொன்னார்.

மனு எழுதினேன். எனக்கு அது கைவந்த வேலை. பொருள், பார்வை, வேண்டுகோள். ஆலையின் கம்ப்ரஸரைத் தொழில்நுட்ப ஆய்வுக்கு உட்படுத்தும்படியும், அறிக்கை வரும்வரை அதை ஓட்டாமல் இருக்க உத்தரவிடும்படியும். திரையின் படத்தை அச்செடுத்து இணைப்பாக வைத்தேன். ஒப்புகை வரவில்லை. ஒரு மாதம் போனது. முதல் நினைவூட்டு. பிறகு இரண்டாவது. நேரில் போய் விசாரித்தேன். அந்த இருக்கையில் இருந்த இளைஞர், மனு ஆய்வுக்குரிய பிரிவுக்கு மாற்றப்பட்டிருப்பதாகவும், அந்தப் பிரிவு வேறு கட்டடத்துக்கு மாறிக்கொண்டிருப்பதாகவும் மரியாதையாகத் தெரிவித்தார். இணைப்பைப் பார்த்துவிட்டு, “இது ஈசிஜியா சார்?” என்றும் கேட்டார்.

திரையில் சின்னக் கம்பம் பெரியதன் தோள்வரை வந்திருந்தது. எனக்கும் தூக்கம் போயிற்று. பேரப்பிள்ளைகள் டிவி பார்க்கும்போது, கால் மணி ஆனதும் என் கை தானாக ரிமோட்டுக்குப் போனது. கடிகாரத்தில் சிவப்பு இல்லாவிட்டாலும் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மார்கழிக் காலைகள்தான் மோசம் என்று அவர் சொல்லியிருந்தார். அப்போது கடற்காற்று எழும்பத் தாமதமாகும். அதுவரை காற்று நிலத்திலிருந்து வரும். ஆலையைத் தொட்டுவிட்டு நேராக அந்தக் கூடத்துக்குள்.

மூன்றாம் நினைவூட்டில் கையெழுத்து வாங்க நான் போயிருந்ததும் ஒரு மார்கழிக் காலை. அவர் பேனாவைத் திறந்தார். முள் சிவப்பில் ஏறியது. நாங்கள் மூவரும் வாயை மூடினோம்.

முதலில் உணர்ந்தது அவரோ மைக்கோ அல்ல. “நின்னுபோச்சு” என்றாள் அவர் மனைவி.

திரையில் கம்பங்கள் இல்லை. தரையில் கால் வைத்திருந்தேன். தரை வெறும் தரையாக இருந்தது. என் வயதுக்கு நான் பல அமைதிகளைப் பார்த்தவன். அது எதைப் போலவும் இல்லை. பிறகு சுவருக்குப் பின்னால் யாரோ ஓடும் சத்தம். பிறகு அந்த நெடி, ஜன்னல் வழியாக, மூத்திரச் சந்தின் நெடி நூறு மடங்காகி மூக்குக்குள் ஊசிபோல ஏறியது.

அவர் பால்கனிக்குப் போய்க் கத்தினார். “வெளியே வாங்க. எல்லாரும் ஓடுங்க.”

தெரு வெளியே வந்தது. கேள்வி கேட்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேற்கே ஓடியது.

அவர் திரும்பி அறையைப் பார்த்தார், கட்டிலையும் என்னையும் பார்த்தார். பிறகு படியிறங்கி ஓடிவிட்டார்.

உயிராபத்துக் காலத்தில் நடக்க இயலாதவரை வெளியேற்றும் முறை பற்றிய சுற்றறிக்கை எனக்கு மனப்பாடம். முதலில் பொறுப்பு அலுவலருக்குத் தகவல் தர வேண்டும். பொறுப்பு அலுவலர் படியில் இறங்கிப் போய்விட்டார். குடத்துத் தண்ணீரில் துண்டை நனைத்தேன், பாதி தரையில் கொட்டியது. கண்ணில் நீர் வழிந்து எதுவும் தெரியவில்லை. துண்டை அவள் முகத்தில் வைத்தேன். அவள் அதை இடது கையால் எடுத்து என் முகத்தில் வைத்தாள்.

“நீ போ சார்” என்றாள்.

போக ஆசைப்பட்டேன் என்பதை மறைக்கவில்லை. அதற்குள் கன்னியம்மா புடவை முந்தானையை வாயில் கட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டாள். “இன்னா சார், குந்திக்கினு மனு எழுதறியா? காலைப் பிடி.” பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, கன்னியம்மா முன்னும் நான் பின்னுமாக இறக்கினோம். அந்தப் படிக்கட்டில் எப்படி இறங்கினேன் என்று எனக்கு இன்றும் தெரியாது. நாற்காலிக் கால் சுவரில் உரசிய சத்தம் மட்டும் நினைவிருக்கிறது.

கீழே, தெருமுனையில், மேற்கே திரும்பும் இடத்தில், அவர் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டிருந்தார். ஜனம் அவர்மேல் மோதிக்கொண்டிருந்தது.

“மேற்கால போவாதீங்க. கேஸு அங்கேர்ந்துதான் வருது. கடலுக்கும் போவாதீங்க, காத்து அங்கதான் இட்டுக்கினு போவும். வடக்கால போங்க, வடக்கால.”

“கடல் வருதுன்றேன், தள்ளு சார்” என்று ஒருவன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

“கடல் வரல நைனா. வடக்கால போ.”

சட்டை கிழிந்தது. அவர் நகரவில்லை. கடைசியில் கூட்டம் வடக்கே திரும்பியது. நாங்களும் நாற்காலியோடு அந்தப் பக்கம் போனோம். யாரும் சாகவில்லை. சிலர் மயங்கி விழுந்தார்கள். ஆப்பரேட்டரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், பிழைத்துக்கொண்டான்.

வடக்கே ஒரு சர்ச் வாசலில் மர நிழலில் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது அவர் கடைசியாக வந்து சேர்ந்தார். கண்கள் ரத்தமாக இருந்தன. மனைவி நாற்காலியிலிருந்தபடியே பார்த்தாள்.

“ஊரைக் காப்பாத்தின ஆபீசரு பொண்டாட்டியை மறந்துட்டாரு” என்றாள். கன்னியம்மாகூடச் சிரிக்கவில்லை.

அவர் தரையில் உட்கார்ந்தார். வெகு நேரம் இருமிவிட்டுச் சொன்னார்: “நீ எங்க கீறன்னு எனக்குத் தெரியும். அவங்கோ எங்க போறாங்கன்னு அவங்களுக்கே தெரியல.”

அவள் இடது கையை நீட்டி அவர் கிழிந்த சட்டையைத் தோளில் இழுத்துவிட்டாள். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது.

ஆலைக்குப் பூட்டுப் போட்டார்கள். முதல் முறையாக அந்தக் கூடம் சத்தமில்லாமல் இருந்தது. இப்போது மைக்கை வைத்து மறுபடி அளந்தால் தவிலுக்குப் பல் முளைத்துவிடும். அவர் அளக்கவில்லை. தினமும் மைக்கைத் தலையணை அருகே கொண்டுபோவார். உட்கார்ந்து காது கொடுப்பார். “இன்னும் கொஞ்சம் கேட்டுக்கறேன்” என்பார். ஆலை ஓடியபோது அது எங்கே இருக்கிறது என்பதாவது அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த அமைதிக்குள் எது, எங்கே இருக்கிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. மௌன நேரம் மூன்று நிமிடத்தில் முடிவது நின்றுபோனது. சில நாள் மின்விசிறியை அவர் திரும்பப் போடவே இல்லை.

கடைசியில் அவள்தான் கேட்டாள். “ஒரு தபா முழுசாக் கேட்டுட்டுப் போறேன்யா. ஒழுங்கா அளந்து தொலை.”

சரி என்றார். தெருவுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும்படி என்னை அனுப்பினார். ஊளை கேட்டால் யாரும் ஓட வேண்டாம் என்று. சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது தபால்காரர் அவர் பெயருக்கு வந்த ஒரு பழுப்பு உறையை என்னிடம் கொடுத்தார். அதைப் பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாடியேறினேன். அவளை நாற்காலியில் உட்காரவைத்தோம். மைக்கைத் தலையணைப் பள்ளத்தில் வைத்தார். ஊளையை விடுமுன் அறையின் அமைதியைப் பார்க்க வேண்டும் என்று கையை உயர்த்தினார்.

என் பாதத்துக்கு முதலில் தெரிந்தது. தரை லேசாகச் சிலிர்த்தது. பிறகு சுவர். திரையில் பழைய இடத்தில் கம்பம் எழுந்து நின்றது. நான் அதன் பக்கத்தில் பார்த்தேன். சின்னதும் நின்றது, தோள் உயரத்துக்கு.

அவர் குனிந்து, தலையணை மேலிருந்து மைக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“தூக்கம் வரும் இனிமே” என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

என்ன செய்வது என்று தெரியாமல் உறையைப் பிரித்தேன். பார்வையில் காணும் தங்கள் மனுவின்மீது சம்பந்தப்பட்ட ஆலை வளாகத்தில் நேரடி ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. ஆய்வின்போது மனுதாரர் குறிப்பிட்ட இரைச்சலோ அதிர்வோ எதுவும் காணப்படவில்லை. எனவே மேல்நடவடிக்கை தேவையில்லை எனக் கருதி மனு முடித்துவைக்கப்படுகிறது. ஆய்வு நடந்த நாள், ஆலை பூட்டிக் கிடந்த நாட்களில் ஒன்று.

விதியின்படி அந்தப் பதில் ஆவணிக்குள் வந்திருக்க வேண்டும். அது வந்து சேர்ந்தது மாசி மாதம், இரண்டாம் வெள்ளிக்கிழமை.